கோட்டுப் பையில் இருந்த டைமர்

மைரன் கோவ்பெல் இதுவரை எதையெல்லாம் ஜெயித்தான் என்று யாராவது கேட்டால், அவனுடைய அக்கா ஸ்டெஃபா விரல் மடக்கிச் சொல்வாள். சாகும்வரை சக்கர நாற்காலிதான் என்று சொன்ன டாக்டரின் எதிரே, பதினாலாவது மாதம், கைத்தடிகூட இல்லாமல் நடந்துபோய் உட்கார்ந்தது. ‘உருளைக்கிழங்கு’ என்ற சொல்லைத் திரும்பப் பிடித்தது. அது வர ஒரு வருஷம் ஆயிற்று, அதுவரை தட்டைக் காட்டி “மண்ணு, மண்ணு” என்பான். ஓட்டுநர் உரிமம், மூன்றாவது தேர்வில். அப்புறம் உறைந்த வான்கோழி ஒன்று. குனிய முடியாதவர்கள் நீளமான கோலால் கல்லைத் தள்ளி பனித்தளத்தில் ஆடும் கர்லிங் ஆட்டத்தில் மூன்றாம் பரிசு அது. அந்த வான்கோழியை ஸ்டெஃபா குளிர்பெட்டியிலேயே வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் திறந்து காட்டினாள். “திங்கப் போறியா, இல்ல சட்டம் போட்டு மாட்டப் போறியா?” என்று மைரனே கேட்ட பிறகுதான் அடுப்பில் ஏற்றினாள்.

அவன் ஜெயிக்காமல் விட்டது ஒன்றே ஒன்று. அவனுடைய பெயர்.

இருபத்தாறு வருஷம் ஜல்லி லாரி ஓட்டியவன் மைரன். ஐம்பத்தோராம் வயதில் குவாரியிலிருந்து மேலே ஏறிவரும்போது மூளையில் ரத்தம் அடைத்தது. வண்டியை ஓரங்கட்டி, கை பிரேக்கை இழுத்துவிட்டுத்தான் சாய்ந்தான். இதையும் ஸ்டெஃபா எல்லாரிடமும் சொல்வாள். வலது பக்கம் முழுக்க விழுந்தது, பேச்சு போயிற்று. கால் மெல்லத் திரும்பியது, பேச்சு துண்டு துண்டாக வந்தது. வலது கை மட்டும் பாதியில் நின்றுவிட்டது; பொருளைப் பிடிக்கும், குளிர் பட்டால் தானாகச் சுருண்டுகொள்ளும். இடது கையால் சாப்பிட, சவரம் செய்ய, கோல் பிடிக்கப் பழகினான். எழுதுவது மட்டும் வரவில்லை. வாசிப்பான், ஊர்ப் பெயர்ப் பலகை எல்லாம் படிப்பான். பேனாவைக் கொடுத்தால் தன் பெயரின் முதல் ஆங்கில எழுத்தான ‘எம்’மைப் போடுவான், அடுத்த எழுத்துக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று தெரியாமல் நின்றுவிடுவான். இடது கையில் குறையில்லை, மூளையில் அந்த வழி அடைபட்டிருக்கிறது என்றார்கள் டாக்டர்கள்.

மனைவி பிரிந்துபோய் ரொம்ப காலம். மகள் ரொமானா மேற்கே இரண்டு நாள் வண்டி ஓட்டும் தூரத்தில், எட்மண்டனில். அதனால் விதவையான அக்காதான் அவனைத் தன் வீட்டுக்குக் கூட்டிவந்தாள். ஸ்டெஃபா பத்தாவதோடு படிப்பை விட்டவள். ஜோரா ஊர்ப் பள்ளியில் சமையலறையை நடத்தியவள். அவள் அளந்த உப்பு ஒருநாள்கூட கூடியதில்லை, குறைந்ததில்லை. தம்பியின் விஷயங்களையும் அப்படியே நடத்தினாள். சட்டப்படி அதிகாரம் எழுதி வாங்கிக்கொண்டு வங்கியிலும் காப்பீட்டிலும் அவனுக்காக அவளே கையெழுத்துப் போட்டாள். தபால்காரர் நீட்டும் ரசீதுக்குக்கூட மைரன் திரும்பி அவளைப் பார்ப்பான். அவள் கை அதற்குள் பேனாவை எடுத்திருக்கும்.

கிறிஸ்துமஸ் முடிந்த வாரம் ரொமானா போன் செய்தாள். ஜனவரி கடைசிச் சனிக்கிழமை கல்யாணம்.

“அப்பா, சாட்சிக் கையெழுத்து நீங்கதான் போடணும். அப்புறம் மாத்திச் சொல்லக் கூடாது.”

“சரி” என்றான் மைரன்.

பின்னால் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்த ஸ்டெஃபா போனுக்கு அருகே வந்தாள். “கண்ணு, அவனுக்கு எதுக்கு அத்தனை பேர் முன்னால சிரமம்? எனக்குத்தான் அதிகாரம் இருக்கே. அவன் பக்கத்துல நிக்கட்டும், நான்…”

“அத்தை, உங்க கையெழுத்து எனக்கு நல்லாத் தெரியும்” என்றாள் ரொமானா. “நாலு வருஷமா அப்பா அனுப்பற பிறந்தநாள் கார்டுல அதைத்தானே பாக்கறேன்.”

ஸ்டெஃபா துடைத்த பாத்திரத்தையே மறுபடி துடைத்தாள். ஒவ்வொரு கார்டிலும் ‘அன்புடன் அப்பா’ என்று தன் கையால் எழுதியதை உதவி என்றுதான் நினைத்திருந்தாள்.

போனை வைத்ததும் மைரன் சொன்னான், “நம்ம வண்டில… போறோம். நான் ஓட்டறேன்.”

அவனுடைய வண்டி மின்சார டிரக். போன வருஷம் பழையதாக வாங்கியது. அவன் அதை வாங்கியதற்குக் காரணம் ஸ்டெஃபாவுக்கு மட்டும் தெரியும். கொட்டும் பனியில் பெட்ரோல் பங்கில் நின்று, சுருண்ட கையோடு மூடியைத் திருக முடியாமல், பின்னால் நிற்கிறவன் இறங்கிவந்து உதவுவதை அவனால் தாங்க முடியவில்லை. இந்த வண்டிக்கு வீட்டு முற்றத்திலேயே தீனி. இடது காலால் ஓட்டுவதற்குத் தனியாக ஒரு பெடல் வாங்கிப் பொருத்திக்கொண்டான். வேறு யாராவது ஓட்ட வேண்டுமென்றால் அதைக் கழற்றிவிட வேண்டும். கழற்றினால் ஒரு சத்தமும் வராது. மாட்டும்போது மட்டும் ‘டக்’கென்று கேட்கும்.

கோ-ஆப் கடையில் காலையில் காப்பி குடிக்க உட்காரும் கூட்டத்துக்கு விஷயம் தெரிந்ததும் கொண்டாட்டமாகிவிட்டது.

“டேய் மைரன்” என்றான் நெஸ்டர். இருவரும் ஒரே குவாரியில் லாரி ஓட்டியவர்கள். “எட்மண்டன் வரைக்கும் நீளமா ஒரே வயரா வாங்கிக்கோ. வழில எங்கயும் நிக்க வேணாம்.”

“வாங்கறேன்” என்றான் மைரன். “அந்த முனையை… உன் வீட்டுல… சொருகிட்டுப் போறேன்.”

“என் பொண்டாட்டி புடுங்கி விட்டுடுவா.”

“உன்னையே இன்னும்… புடுங்கி விடல. வயரையா புடுங்கப் போறா?”

மேஜை அதிர்ந்தது. ஸ்டெஃபா அடுத்த வரிசையில் மாவு எடுத்துக்கொண்டிருந்தாள். தம்பி ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதைக் கேட்டு மாவு மூட்டையைத் தூக்கியபடியே நின்றாள்.

பயணத் திட்டம் அவள் பொறுப்பு. வரைபடத்தைச் சாப்பாட்டு மேஜையில் விரித்து, வெள்ளை நூலால் வளைவுக்கு வளைவு அளந்தாள். கோடையில் அந்த டிரக் எவ்வளவு தூரம் ஓடுமோ, கடுங்குளிரில் அதில் பாதிதான். எதிர்காற்று இருந்தால் அந்தப் பாதியிலும் ஒரு கடி. வேகமாகச் சார்ஜ் ஏற்றும் நிலையம் முதலில் யார்க்டனில்தான் இருந்தது. அவள் தனக்கென்று விதிகள் வைத்துக்கொண்டாள். பேட்டரி ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே போகக் கூடாது. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் அதற்கு முன்னாலேயே ஒரு மாற்று இடம் தெரிந்திருக்க வேண்டும். ஒரு நாள் கையிருப்பு வேண்டும். அதனால் சனிக்கிழமைக் கல்யாணத்துக்குப் புதன்கிழமையே கிளம்ப வேண்டும். யார்க்டனுக்கு முன்னால் வெஸ்ட்லிங் என்ற சிற்றூரில் கர்லிங் அரங்கத்தின் பின்சுவரில் கேம்பர் வண்டிகளுக்கான பெரிய மின்சாரச் செருகி இருப்பதைப் போன் போட்டுத் தெரிந்துகொண்டாள்.

“அங்க எதுக்கு நிக்கப் போறோம்?” என்றான் மைரன்.

“நிக்க மாட்டோம். ஆனா இருக்கட்டும்.”

மண்வாரி, மணல் மூட்டை, காப்பி டப்பாவுக்குள் மெழுகுவர்த்தி, இரண்டு கம்பளி, பூண்டு மணக்கும் கூபசா தொத்திறைச்சி, வெண்ணெயில் புரட்டிய பைரோஹி கொழுக்கட்டை ஒரு பெட்டி. எல்லாவற்றுக்கும் மேலே கல்யாண ரொட்டி. மூன்று அடுக்கு, சுற்றிலும் பின்னல், உச்சியில் மாவால் செய்த இரண்டு புறாக்கள். உறைந்தால் விரிசல் விடும் என்று அதற்கு மட்டும் தனி ரஜாய்.

“எனக்கு ரஜாய் இல்லையா?” என்றான் மைரன்.

“உனக்கு இறக்கை இல்லையே, ஒடிஞ்சு போறதுக்கு.”

செவ்வாய் மதியம் பஞ்சாயத்து அலுவலக வாசலில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். வீட்டு முற்றத்தில் பெரிய சார்ஜர் வைக்கப் பள்ளம் தோண்டுவதற்குள் மண் உறைந்துவிட்டது. இனி வசந்தம் வந்தால்தான். அதுவரை முற்றத்துக் கம்பத்திலிருக்கும் சாதாரணச் செருகிதான். அதில் பெரிதாக ஒன்றும் ஏறாது. ஆனால் ராத்திரி முழுக்கச் சொருகியிருந்தால் பேட்டரியைச் சூடாக வைத்திருக்கும். ஏற்கனவே ஏறியிருப்பதும் இறங்காது. மைரன் இதை அவளுக்கு இரண்டு தடவை சொல்லியிருந்தான். அவளும் திட்டத்தில் எழுதியிருந்தாள்.

சாப்பாடு முடிந்ததும் இருவரும் முற்றத்துக்கு வந்தார்கள். மூக்குத் துவாரத்து முடிகூட விறைக்கும் குளிர். ஸ்டெஃபா செருகியை எடுக்கப் போனாள்.

“விடு” என்றான். “நான்.”

வேண்டுமென்றே வலது கையால் பிடித்தான். இடது கையை அதன் மேல் வைத்து அழுத்தினான். ஒரு தடவை வழுக்கியது. இரண்டாவது தடவை ‘டக்’.

“கேட்டுச்சா?” என்றான், அக்காவைப் பார்த்து.

“கேட்டுச்சு, கேட்டுச்சு. உள்ள போ, கை சுருண்டுக்கப் போவுது.”

கம்பத்தைச் சுற்றி வழுக்கும் என்பதால் மறுமுனையைச் சொருகுவது அவள் வேலை. அவன் உள்ளே போன பிறகு அவள் வயரைச் சுருக்கம் இல்லாமல் நீவி, கம்பத்திலிருந்த தகரப் பெட்டியைத் திறந்து, சொருகிவிட்டு வந்தாள்.

அந்தத் தகரப் பெட்டிக்குள், குறித்த நேரம் வந்த பிறகுதான் மின்சாரத்தை விடும் ஒரு டைமர் இருந்தது. அந்த ஊரில் எல்லா வீட்டுக் கம்பத்திலும் இருக்கும். பெட்ரோல் காரின் எஞ்சினைக் குளிர்காலத்தில் மின்சாரத்தால் சூடாக்கித்தான் கிளப்ப வேண்டும். கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன்னால் போட்டால் போதும். ராத்திரி முழுக்கப் போடுகிறவனைப் பார்த்து ஊர் சிரிக்கும். நாற்பது குளிர்காலமாக ஸ்டெஃபாவின் விரல்கள் அந்தச் சக்கரத்தை நான்கு மணியில் நிறுத்திவிட்டு, வயரை அதன் மேல் சொருகியிருக்கின்றன. அன்றும் அப்படியே செய்தன. மனம் அப்போது ரொட்டியின் மேல் இருந்த புறாக்களை நினைத்துக்கொண்டிருந்தது.

காலையில் அவள்தான் முதலில் வெளியே வந்தாள். பனியைக் கூட்டி, வயரைப் பிடுங்கிச் சுருட்டினாள். ஊரில் இல்லாதபோது டைமரை முற்றத்தில் விட்டுப்போகும் வழக்கம் அவளுக்குக் கிடையாது. அதைக் கழற்றிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். ராத்திரி வயரை இதில்தான் மாட்டினோம் என்று அப்போதும் தோன்றவில்லை.

மைரன் ஏறி உட்கார்ந்து வண்டியை உயிர்ப்பித்தான். திரையைப் பார்த்தபடியே இருந்தான். பேட்டரிப் படத்தில் ராத்திரி நிறைந்திருந்த பட்டை சுருங்கியிருந்தது. மிச்சத்திலும் ஒரு துண்டு நீலமாக இருந்தது. குளிரில் உறைந்து, இப்போதைக்கு எடுக்க முடியாத துண்டு.

“ஏறல” என்றான். “சூடாவும்… இல்ல. ராத்திரி பூரா வெறுமனே நின்னிருக்கு.”

ஸ்டெஃபாவின் கை கோட்டுப் பைக்குள் போனது. டைமர் தட்டுப்பட்டது. நேற்று வயரை எதில் சொருகினாள் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

“நான்தான்” என்றான் மைரன். “சரியா… சொருகல.”

அவள் வாயைத் திறந்தாள்.

“‘டக்’னு கேட்டுச்சேடா” என்றாள். அதுவரைதான் வந்தது.

“எனக்கும் கேட்டுச்சு. கேட்டாப்பல… இருந்துச்சு போல.” அவன் தன் வலது கையைத் தூக்கி, வேறு யாருடையதையோ பார்ப்பதுபோல் பார்த்தான். “இப்படித்தான்க்கா. இருக்குன்னு நெனைக்கறேன். இருக்கறதில்ல.”

அப்போதே சொல்லியிருக்கலாம். ‘நான்தான்டா, டைமர்ல மாட்டிட்டேன்’, அவ்வளவுதான். அவள் சொல்லவில்லை. அவள் தவறு செய்யாதவள் என்பது ஊருக்கே தெரியும். அவளுக்கு அது இன்னும் நன்றாகத் தெரியும். சொற்களைக் கோக்க ஒரு நிமிஷம் எடுத்துக்கொண்டாள். அந்த நிமிஷத்தில் மைரன் குனிந்து தன் இடது கால் பெடலைக் கழற்றிப் பின்னிருக்கையில் வைத்துவிட்டு இறங்கினான்.

“நீ ஓட்டு” என்றான்.

அவள் ஓட்டினாள். டிரக்கை அவள் ஓட்டியதே இல்லை. பெடலில் கால் வைத்தால் பாய்ந்தது, எடுத்தால் நின்றது. வேறு நாளாக இருந்தால் மைரன் சிரித்திருப்பான். அவன் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தான். மேற்கே இருந்து காற்று நேராக முகத்தில் அடித்தது. சாலையின் குறுக்கே பனி பாம்பு பாம்பாக ஊர்ந்தது. திரையில் தூரத்தின் எண் அவர்கள் ஓடியதைவிட வேகமாக இறங்கியது. யார்க்டன் வரை தாங்காது.

“வெஸ்ட்லிங்ல நிக்கலாம்” என்றாள். “நம்ம திட்டத்துலயே இருக்கு. ஒண்ணும் மோசமில்ல.”

“நிக்க மாட்டோம்னு… சொன்ன.”

அதுவரை போய்ச்சேர, ஹீட்டரைக் குறைக்க வேண்டியிருந்தது. கண்ணாடியின் உள்பக்கம் பனி பூத்தது. ஸ்டெஃபா வண்டியை ஓரமாக நிறுத்தி, பின்னால் இருந்த ரொட்டியின் மேல் இன்னொரு கம்பளியை இழுத்துவிட்டாள். அப்போதுதான் தம்பியைப் பார்த்தாள். வலது கை விரல்கள் உள்ளே சுருண்டு முஷ்டியாகியிருந்தன. அதை அவள் பார்க்காமல் இருக்க இடது அக்குளுக்குள் சொருகியிருந்தான். வலிக்கும்போது மட்டும் அப்படிச் செய்வான்.

“வலிக்குதா?”

“இல்ல.”

ஸ்டீயரிங்கை வளைக்கும்போதெல்லாம் டைமரின் மூலை அவள் விலாவில் குத்தியது. இப்போது சொல்லலாம், அடுத்த ஊர்ப் பலகை வந்ததும் சொல்லலாம் என்று நினைத்தாள். பலகைகள் வந்தன, போயின. இன்னொன்றும் அவளுக்குள் இருந்தது. அதை நினைக்கவே கூசியது. அவன் இறங்கி “நீ ஓட்டு” என்றபோது பயத்தோடு சேர்ந்து ஒரு நிம்மதியும் வந்தது. நாலு வருஷமாகப் பழகிய நிம்மதி. தம்பி மறுபடியும் தன் கையில் இருக்கிறான் என்ற நிம்மதி. அவன் ஒவ்வொன்றாக ஜெயித்து வந்தபோது விரல் மடக்கி எண்ணியவள், அவன் ஒன்றில் தோற்றபோது உள்ளுக்குள் லேசாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள்.

மைரன் ஜன்னலைப் பார்த்தபடியே பேசினான்.

“ரொமானாகிட்ட சொல்லிடு. சாட்சிக் கையெழுத்து… நீயே போட்டுடு.”

“ஏன்டா?”

“ஒரு வயரைச் சொருக… தெரியல. எல்லார் முன்னாலயும்… எம் போட்டுட்டு நிக்கணுமா?”

வெஸ்ட்லிங்கின் தானியக் கிடங்கு கோபுரம் தூரத்தில் தெரிந்தது. அதற்குள் பேசிவிட வேண்டும் என்று எண்ணினாள். கோபுரம் வந்தது. அரங்கத்தின் பின்பக்கம் வண்டியை நிறுத்தினாள்.

அரங்கத்தைப் பார்த்துக்கொள்ளும் டோனெல்டா என்ற பருத்த பெண் கதவைத் திறந்துகொண்டே கத்தினாள், “போன் பண்ண ஜோரா ஊர்க்காரங்களா? உள்ள வாங்க, கதவைச் சாத்துங்க, நான் தெருவுக்கா ஹீட்டர் போடறேன்?” வயரை அவளே வாங்கிப் பெரிய செருகியில் மாட்டினாள். “எவ்வளவு நேரம் திங்கும் உங்க வண்டி?”

“மத்தியானம் வரைக்கும்” என்றாள் ஸ்டெஃபா.

“அப்ப பட்டாணி சூப் குடிங்க. கோல் ஆட்டக்காரங்க வந்திருக்காங்க, ஒரு ஆள் குறையுது. இவர் ஆடுவாரா?”

“ஆட மாட்டேன்” என்றான் மைரன்.

சமையலறைக் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் பனித்தளம். கல் கல்லோடு மோதும் சத்தம் மந்தமாகக் கேட்டது. இருவருக்கும் எதிரெதிரே சூப் வந்தது. மைரன் கரண்டியை எடுக்கவில்லை. முஷ்டியைக் கிண்ணத்தின் சூட்டில் வைத்துக்கொண்டிருந்தான். விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிய முயல்வதை ஸ்டெஃபா பார்த்தாள். பிறகு கோட்டுப் பையில் கைவிட்டு டைமரை எடுத்து, உப்புக் குப்பிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

மைரன் அதைப் பார்த்தான்.

“இது எதுக்கு… இங்க?”

“நேத்து இதுலதான் மாட்டினேன். பழக்க தோஷம். கை தானா மாட்டிடுச்சு. நாலு மணிக்குத்தான் கரண்டே வந்திருக்கும்.”

அவன் இடது விரலால் அதன் சக்கரத்தை நகர்த்திப் பார்த்தான்.

“நீ சரியாத்தான் சொருகின. ‘டக்’னு நல்லாக் கேட்டுச்சு. காலைல நீ சொன்னப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு மைரன்.”

“காலைலயே.”

“ஆமா.”

“பைக்குள்ள… வெச்சிருந்த.”

“ஆமா.”

அவன் முகம் மெல்லச் சிவந்தது. கோபம் வந்தால் சொல் ஓடிவிடும் அவனுக்கு. உதடு அசைந்தது, ஒன்றும் வரவில்லை. அவள் எடுத்துக்கொடுக்க வாயெடுத்தாள். அவன் இடது கையைத் தூக்கி நிறுத்தினான். தானே தேடிப் பிடித்தான்.

“நீ தப்புப் பண்ணா… பழக்கம். நான் தப்புப் பண்ணா… மூளை. இல்ல?”

“இல்லடா, நான் அப்படி…”

“நான் பண்ணவே இல்ல. அப்பவும்… மூளைதான்னு விட்டுட்ட.”

மன்னிச்சுடு என்ற சொல் ஸ்டெஃபாவின் நாக்கில் இருந்தது. ஆனால் இந்த மேஜையில் அதை வைத்தால் அவன் ‘பரவால்ல’ என்று சொல்லியாக வேண்டும். அதை அவனிடம் கேட்கத் தனக்கு உரிமையில்லை என்று தோன்றியது.

மைரன் எழுந்தான். டோனெல்டாவிடம் போய், “கோல்… குடுங்க” என்றான்.

ஸ்டெஃபா டைமரைத் திரும்பக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பின் தெரியாத ஊர்க்காரர்களோடு அவன் நின்றான். முதல் கல் பாதியிலேயே நின்றுவிட்டது. சிவப்புத் தொப்பிக்காரர் ஒருவர் ஏதோ கிண்டல் செய்தார், மைரன் ஏதோ திருப்பிக் கொடுத்தான், எல்லாரும் சிரித்தார்கள். இரண்டாவது கல் எல்லை தாண்டிப் போய்விட்டது. வீட்டு அரங்கமாக இருந்தால் ஸ்டெஃபா கண்ணாடியைத் தட்டி, ‘மெதுவா, மெதுவா’ என்று சைகை காட்டியிருப்பாள். கையை மடியில் கோத்து வைத்துக்கொண்டாள். இன்னொரு கல்லை அவன் நிதானமாகத் தள்ளினான். அது வளைந்து போய், வட்டத்துக்குள் உட்கார்ந்திருந்த எதிரிக் கல்லை வெளியே தள்ளிவிட்டு அந்த இடத்திலேயே நின்றது. சிவப்புத் தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றினார். மைரன் அக்கா பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. எப்போதும் பார்ப்பான்.

“உங்க வீட்டுக்காரரா?” என்றாள் டோனெல்டா.

“தம்பி.”

“நல்ல கை.”

“ஆமா” என்றாள் ஸ்டெஃபா. வழக்கமாக அதற்குப் பின்னால் வான்கோழிக் கதை வரும். அன்று வரவில்லை.

மதியம் வண்டிக்கு வந்தபோது பேட்டரிப் படத்தில் நீலம் போயிருந்தது. மைரன் கையை நீட்டினான்.

“சாவி.”

கொடுத்தாள். பின்னிருக்கையிலிருந்து பெடலை எடுத்துக் குனிந்து பொருத்தினான். டக்.

“கேட்டுச்சா?” என்றான்.

“கேட்டுச்சு.”

யார்க்டன் வரைக்கும் அவன் பேசியது அவ்வளவுதான். ஹீட்டர் முழு வேகத்தில் ஓடியது. பின்னால் புறாக்கள் பத்திரமாக இருந்தன. ஸ்டெஃபா பயணியின் இருக்கையில் உட்கார்ந்து, சாலையில் பாம்புபோல் ஊரும் பனியைப் பார்த்தாள். வளைவுகளில் ‘மெதுவா’ என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

இன்னும் மேற்கே சாஸ்கடூன் நகரில் தங்க வேண்டிய இரவு யார்க்டனிலேயே தங்க வேண்டியதாயிற்று. அதற்குத்தான் அந்த ஒரு நாள் கையிருப்பு. நெடுஞ்சாலை ஓரத்து விடுதியில் இருட்டத் தொடங்கும் நேரத்துக்கு நுழைந்தார்கள். பின்னால் எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போகிற நாலைந்து இளைஞர்கள் கனத்த பூட்ஸோடு வரிசையில் நின்றார்கள். வரவேற்பு மேஜையில் இருந்த பெண் ஒரு அட்டையை நீட்டினாள். பேரு, வண்டி நம்பர், கீழே கையெழுத்து.

“வண்டி யார் பேர்ல இருக்கு?”

“என் பேர்ல” என்றான் மைரன்.

ஸ்டெஃபாவின் கை நீண்டுவிட்டது. பேனாவைத் தொட்டும்விட்டது. சூடு பட்டதுபோல் இழுத்துக்கொண்டு, இரண்டு கைகளையும் கோட்டுப் பைகளுக்குள் நுழைத்துக்கொண்டாள். வலது பையில் டைமர் இருந்தது. அதை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“பேரை நீ எழுது” என்றான் மைரன் அவளைப் பார்க்காமல். “கீழ… நான்.”

மேலே இருந்த கட்டங்களை அவள் நிரப்பினாள். பேனாவைக் கீழே வைத்து, ஒரு அடி தள்ளி நின்றாள்.

அவன் இடது கையால் எடுத்தான். முதல் எழுத்து வந்தது. அது எப்போதும் வரும். அப்புறம் பேனா முனை அட்டையைத் தொட்டபடி நின்றது. மை ஒரு புள்ளியாகத் தடித்தது. விடுதிப் பெண் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். வரிசையில் யாரோ பூட்ஸ் காலை மாற்றினான்.

“ஐயா, ஏதாச்சும் உதவி வேணுமா?” என்றான் பின்னால் நின்ற இளைஞன். நல்ல மனசோடுதான் கேட்டான்.

“வேணும்” என்றான் மைரன், திரும்பாமல். “வரிசையில… நில்லு தம்பி.”

மற்றவர்கள் சிரித்தார்கள். அந்த இளைஞனும் சிரித்தான். ஸ்டெஃபா சிரிக்கவில்லை. அவளுக்கு அந்த இரண்டாவது எழுத்து எப்படிப் போகும் என்று தெரியும். கண்ணை மூடிக்கொண்டே போடுவாள். நாலு வருஷமாக அவள் அதை அவனுக்காகப் போட்டுப் போட்டு, அவன் தேட வேண்டிய வழியின் மேல் தானே நின்றுகொண்டிருந்தாள். இப்போது அவளால் முடிந்ததெல்லாம் வாயைத் திறக்காமல் இருப்பது.

பேனா நகர்ந்தது. இரண்டாவது எழுத்தான ‘ஒய்’ சின்னதாக ஒரு கவைபோல் இறங்கி, கீழே வால் விட்டது. நின்றது. மறுபடி நகர்ந்தது. அடுத்த எழுத்து பெரிதாக வந்தது, அதற்கடுத்தது பாதி அளவு. கோவ்பெல் என்ற குடும்பப் பெயர் கோட்டை விட்டு இறங்கி, வண்டியெண் கேட்டிருந்த கட்டத்தின் ஓரத்தில் போய் இடித்தது. கடைசி எழுத்தை முடித்துவிட்டு, அதைவிட்டுக் கையெடுக்க மனமில்லாமல், மைரன் அதன் கீழே தேவையே இல்லாத ஒரு கோடு இழுத்தான்.

“ரொம்ப நன்றி” என்று அட்டையை இழுத்துக்கொண்டாள் அந்தப் பெண். அவளுக்கு அது ஒரு அட்டை.

மைரன் சாவியை வாங்கிக்கொண்டு அக்காவைப் பார்த்தான். அந்தப் பார்வையில் சிரிப்பு இல்லை. வெஸ்ட்லிங்கில் வந்த கோபம் இன்னும் மிச்சம் இருந்தது. அது நியாயம்தான் என்று ஸ்டெஃபா நினைத்தாள். அந்தக் கோபம் போக எத்தனை நாளானாலும் அதுவரை பொறுத்திருக்கத்தான் வேண்டும். “ரொட்டிய நான் எடுத்துட்டு வரேன்” என்றாள். “வண்டிய நீயே போய்ச் சொருகிட்டு வா.” அவன் வெளியே போனான். கூடப் போய்ப் பார்க்க அவளுக்குக் கால் துடித்தது. போகவில்லை.

சனிக்கிழமை எட்மண்டனில் மகளுக்குப் பக்கத்தில் நின்று அவன் போட்டது இரண்டாவது கையெழுத்து. அதற்குப் பின் ரொமானாவுக்கு வரும் பிறந்தநாள் கார்டுகளில் எழுத்து கோட்டைவிட்டு இறங்கித்தான் இருக்கும். ஸ்டெஃபா அதைத் தொடுவதில்லை. அவள் விரல் மடக்கும் கணக்கில் இப்போது கடைசியாக வருவது அந்த விடுதி அட்டைதான். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் தணிந்துவிடும். அட்டையின் கீழே, கையெழுத்துக்குப் பக்கத்தில், விடுதியின் ரப்பர் முத்திரையில் தேதி இருந்தது: ஜனவரி 22, 2025, புதன்கிழமை.